ஐஸ் பெட்டிக்குள் குடல் தூங்குவதில்லை

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் தானம் செய்யப்பட்டன என்று செய்தி வந்தால், கூடவே ஒரு பட்டியலும் இருக்கும். இதயம் சென்னைக்கு, கல்லீரல் இன்னொரு ஊருக்கு, சிறுநீரகம் ஒன்று இங்கே, மற்றொன்று மதுரைக்கு, கண்கள் கண் வங்கிக்கு என்று போகும். அந்தப் பட்டியலில் "சிறுகுடல்" என்ற வார்த்தையை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்? நான் பேப்பரை எழுத்துவிடாமல் படிக்கிற ஆள். மிக அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் இல்லை. 2008-லிருந்து இங்கே முறையான உறுப்புதானத் திட்டம் நடக்கிறது. 2014 டிசம்பரில் அதற்கென்றே டிரான்ஸ்டான் என்ற ஆணையம் வந்தது. 2023 செப்டம்பரில், உறுப்புதானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று அறிவித்தார்கள். 2024-ல் மட்டும் 250-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சம்மதம் தந்தன. அவ்வளவு பேர் கொடுத்தும் குடல் மட்டும் பெரும்பாலும் உடலோடு மண்ணுக்கோ நெருப்புக்கோதான் போகிறது.

ஏன்? கேட்டால் உடனே "யாருக்குத் தேவைப்படுகிறது?" என்பார்கள், அல்லது "ரொம்பக் கஷ்டமான ஆபரேஷன்" என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குடலை ஐஸில் வைத்துக் காப்பாற்றும் கலையை நாம் இன்னும் சரியாகக் கற்கவில்லை. கற்பதற்கான முயற்சி நம் ஊர்ப் பக்கமே ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து. மருத்துவ மாணவர்களும் படிப்பீர்கள், பி.காம். நண்பர்களும் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் அடிப்படையிலிருந்தே வருகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், யாருக்குத் தேவை?

சிறுகுடலுக்குப் போகிற ரத்தக்குழாயில் திடீரென்று அடைப்பு வரலாம். குடல் முறுக்கிக்கொள்ளலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் குடல் அழுகலாம். இந்த மாதிரி நேரத்தில் உயிரைக் காப்பாற்ற, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். ஐந்தாறு மீட்டர் குடலில் கொஞ்சம் போனால் பரவாயில்லை. பெரும்பகுதி போய்விட்டால், சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. பிறகு அந்த மனிதர் உயிர்வாழ்வது ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிற ஊட்டத்தால்தான்.

வெளிநாடுகளில் இந்த ஊட்டத்தை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்காக நன்றாக வாழ்கிறார்கள். அதனால் அங்கே குடல் மாற்று என்பது ஊட்டமும் ஒத்துவராமல் போனவர்களுக்கான கடைசி வழி. நம் ஊரில் அந்த ஊட்டத்துக்கு ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். வீட்டில் வைத்துக் கிருமி படாமல் ஏற்றுவதற்குத் தனி அறை, பயிற்சி, ஃபிரிட்ஜ், விடாத கரண்ட் எல்லாம் வேண்டும். லால்குடிப் பக்கம் ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தில் இது எத்தனை மாதம் நடக்கும்? ஆகவே வெளிநாட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு "இது அபூர்வமான தேவை" என்று நாம் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் இவர்கள் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு, பலர் காத்திருப்புப் பட்டியலுக்கு வந்து சேரும் முன்பே இறந்துபோவதும் ஒரு காரணம்.

ஐஸ் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

"சென்னையில் ஒரு நாள்" படம் (2013) பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கும். 2008 செப்டம்பரில் ஒரு பள்ளி மாணவனின் இதயம், போலீஸ் வழிவிட, பதினோரு நிமிடத்தில் முகப்பேர் போய்ச் சேர்ந்தது. அந்த நிகழ்வுதான் தமிழ்நாட்டில் உறுப்புதானத்தை வீட்டுக்கு வீடு பேசவைத்தது. அதிலிருந்து நம் மனதில் ஒரு படம் பதிந்துவிட்டது. உறுப்பை ஐஸ் பெட்டியில் வைத்தால் அது அப்படியே நிற்கும், வண்டி வேகமாகப் போனால் போதும் என்ற படம்.

உண்மையில் பெட்டிக்குள் எதுவும் நிற்பதில்லை. மெதுவாகிறது, அவ்வளவுதான். வெப்பநிலை ஒவ்வொரு பத்து டிகிரி குறையும்போதும் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். 37 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்கினால், வேகம் பத்தில் ஒரு பங்குக்கு வரும், அல்லது அதற்கும் கீழே போகும். ஆனால் பூஜ்யம் ஆகாது. (அப்படியானால் உறைய வைத்துவிடலாமே என்றால், ஐஸ் படிகம் உருவாகிச் செல்லைக் கிழித்துவிடும்.)

மெதுவாக என்றாலும் செல் செலவு செய்துகொண்டே இருக்கிறது. வரவு மட்டும் நின்றுவிட்டது, ஏனென்றால் ரத்தம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. ஏ.டி.பி. கையிருப்பு தீரத் தீர, சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் நின்றுபோகும். சோடியம் உள்ளே வரும், பின்னாலேயே தண்ணீர் வரும், செல் வீங்கும். இதைத் தடுக்கத்தான் 1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுத்தார்டும் ஒரு கரைசல் செய்தார்கள். செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளை அதில் போட்டுத் தண்ணீர் உள்ளே போவதைத் தடுத்தார்கள். கல்லீரலைச் சேமிக்கும் நேரம் அந்தக் கரைசலால் பெரிதாக நீண்டது.

இன்றைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. ஐஸில் சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும், சமயத்தில் அதற்கு மேலும். கல்லீரல் சுமார் 12 மணி நேரம். இதயம் 4 மணி நேரம். குடலை 6 மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்று பார்ப்பார்கள். எட்டு, ஒன்பது என்று போனால் கவலை கூடிக்கொண்டே போகும்.

இதயம் துடிக்கிற உறுப்பு, அதற்கு அவசரம் என்றால் புரிகிறது. குடல் வெறும் குழாய்தானே, அதற்கு என்ன அவசரம்?

மீன் மார்க்கெட் சொல்லும் பதில்

ஒப்பீடு கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும், மன்னிக்கவும். குழுமணி ரோடு மீன் மார்க்கெட்டில் மத்தி வாங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். ஐஸில் கிடக்கும்போதே சில மீன்களுக்கு வயிறு கிழிந்திருக்கும். சதை நன்றாகத்தான் இருக்கும், செவுள்கூடச் சிவப்பாக இருக்கும், வயிறு மட்டும் போயிருக்கும். யாரும் கத்தி வைக்கவில்லை. மீனின் குடலில் இருந்த செரிமான நொதிகளே உள்ளிருந்து அரித்துவிட்டன. மீனை வாங்கியதும் முதலில் குடலை எடுத்துவிடு என்று வீட்டில் சொல்வது இதற்காகத்தான்.

மனிதக் குடலுக்கும் இதே பிரச்னை உண்டு. மற்ற உறுப்புகளை வெளியிலிருந்து குளிர்வித்து, ரத்தக்குழாய் வழியாகக் கரைசலைச் செலுத்திவிட்டால் வேலை முடிந்தது. குடலுக்கு மட்டும் "உள்ளே" என்று இன்னொரு உலகம் இருக்கிறது. அங்கே கணையத்திலிருந்து வந்த டிரிப்சின் போன்ற நொதிகள் இருக்கின்றன. பித்தம் இருக்கிறது, பாக்டீரியாக்கள் இருக்கின்றன. உயிரோடு இருக்கும்போது, குடலின் உள்சுவர் சளிப்படலம் பூசிக்கொண்டு இவற்றிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சளியைச் சுரக்கச் செல்லுக்குச் சக்தி வேண்டும். பெட்டிக்குள் அந்தச் சக்தி இல்லை. காவல்காரன் மயங்கிவிட்டான், திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

இரண்டாவது பிரச்னை அமைப்பு. சிறுகுடலின் உள்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று பாடத்தில் படித்திருப்போம். 2014-ல் ஸ்வீடனின் கோதென்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் மறுபடி அளந்து, செரிமானப் பாதை முழுவதற்குமே சுமார் 32 சதுர மீட்டர்தான், பெரும்பகுதி சிறுகுடலுடையது என்றார்கள். அதாவது ஏறக்குறைய அரை பேட்மிண்டன் கோர்ட். (பாடப் புத்தகத்தில் மாற்றினார்களா தெரிந்தவர்கள் சொல்லவும்!) அந்தப் பரப்பைத் தருவது குடலுறிஞ்சிகள், விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான மடிப்புகள். ஒவ்வொரு விரலிலும் ரத்தம் ஏறும் குழாயும் இறங்கும் குழாயும் அருகருகே ஓடுவதால், ஆக்சிஜன் நுனிக்குப் போகும் முன்பே குறுக்குவழியில் கசிந்துவிடுகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். நல்ல நாளிலேயே நுனிக்குப் பற்றாக்குறை என்றால், ரத்தம் நின்ற நாளில் முதலில் வாடுவது எது என்று சொல்லவும் வேண்டுமா?

நுண்ணோக்கியில் என்ன தெரியும்?

ஐஸில் இருந்த குடலில் ஒரு துணுக்கை வெட்டி, சாயம் ஏற்றிப் பார்த்தால், மாற்றங்கள் ஒரு வரிசைப்படி வரும். முதலில் குடலுறிஞ்சியின் நுனியில், மேல்தோல் போன்ற எபிதீலியத்துக்கும் அடியில் இருக்கும் திசுவுக்கும் நடுவே ஒரு வெற்றிடம். சூடு பட்ட கையில் கொப்புளம் கிளம்புவது போல. பிறகு அந்தக் கொப்புளம் பக்கவாட்டில் இறங்கும், மேல்தோல் தகடு தகடாக உரியும். அடுத்து நுனி மொட்டையாகி, அடித்திசு வெளியே தெரியும். கடைசியில் அந்தத் திசுவே கரைந்து, ரத்தக்கசிவும் புண்ணுமாகிவிடும்.

1970-ல் மாண்ட்ரியலில் சியூவும் அவர் சகாக்களும் இதை 0-விலிருந்து 5 வரை தரம் பிரித்து வைத்தார்கள். 0 என்றால் நல்ல குடல், 5 என்றால் கதை முடிந்தது. பின்னால் வந்தவர்கள் அதை விரித்து 8 வரை கொண்டுபோனார்கள். இன்றும் ஆய்வுக்கூடங்களில் பேசப்படுவது இந்த அளவுகோல்கள்தான். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டாம். ஃபார்மலின், மெழுகு, இரண்டு சாயம், ஒரு நுண்ணோக்கி, பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் போதும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதைவிட மோசமான செய்தி, பெரிய சேதம் பெட்டிக்குள் நடப்பதில்லை. பெட்டியை விட்டு வெளியே வந்து, புது உடலில் சூடான ரத்தம் பாயும் அந்த நிமிடங்களில் நடக்கிறது. 1986-ல் பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற இருவர் பூனைகளின் குடலில் ஒரு சோதனையைப் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் நான்கு மணி நேரம் ரத்த ஓட்டத்தைக் குறைத்து வைத்தார்கள். இன்னொரு பக்கம் மூன்று மணி நேரம் குறைத்துவிட்டு, நான்காவது மணியில் ரத்தத்தைத் திறந்துவிட்டார்கள். எது அதிகம் கெட்டிருக்கும்? ரத்தம் திரும்பக் கிடைத்ததுதான்.

காரணம், பட்டினியின்போது ஏ.டி.பி. உடைந்து உடைந்து ஹைப்போசாந்தைன் என்ற கழிவு சேர்ந்திருக்கும். குடலில் சாந்தைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி ஏராளம். ஆக்சிஜன் வந்ததும் அந்த நொதி கழிவின்மேல் பாய்ந்து, சூப்பர் ஆக்சைடு என்ற நாசக்கார மூலக்கூறை அள்ளித் தெளிக்கும். காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்த மாதிரி. இது குளிர்பெட்டியில்லாமல் செய்த சோதனை. ஆனாலும் பெட்டியில் வைத்த குடலுக்கும் இந்த ஆபத்து அப்படியே பொருந்தும். எவ்வளவு நேரம் பெட்டியில் இருந்ததோ அவ்வளவு கழிவு சேர்ந்திருக்கும்.

ஆனால் குடல்தான் ஆறிவிடுமே?

உயிரியல் படித்த நண்பர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள். குடலின் எபிதீலியம் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, அடியில் பள்ளங்களில் இருக்கும் மூலச்செல்கள் குளிரை நன்றாகத் தாங்கும், நுனி போனால் என்ன, ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். நியாயமான கேள்வி. உண்மையிலேயே லேசான சேதம் ஆறிவிடும். குடலின் பெரிய வரம் அது.

சிக்கல் அந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது. புது உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க, நோயாளியின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அமுக்கி வைத்திருப்பார்கள். அதே நேரம் குடலின் உள்சுவர் ஓட்டையாக இருக்கும், ஓட்டைக்கு அந்தப் பக்கம் பாக்டீரியாக்கள் இருக்கும். சிறுநீரகத்தில் இந்த நிலை இல்லை, ஏனென்றால் அங்கே கிருமிக் கூட்டமே கிடையாது. போதாததற்குக் குடல் தன்னோடு தானம் கொடுத்தவரின் எதிர்ப்புச் செல்களையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறது. சேதமான திசு அபாய மணியை அடிக்க, இரண்டு பக்கத்துச் செல்களும் சண்டைக்குக் கிளம்புகின்றன. குடல் மாற்றில் நிராகரிப்பும் கிருமித்தொற்றும் மற்ற உறுப்புகளைவிட அதிகமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். "ஆறிவிடும்" என்பது உண்மை. ஆறும்வரை ஆள் தாங்க வேண்டும்.

புத்தூரிலிருந்து ஒரு கணக்கு

இனி நம் ஊர்க் கணக்கு. புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையை (நமக்கெல்லாம் ஜி.ஹெச்.) எடுத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரத்தில் ரோட்டில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுவருவது அங்கேதான். மூளைச்சாவு அடைகிறவர்களில் பைக் விபத்தில் அடிபட்ட இளவயதுக்காரர்கள் அதிகம் என்பது கசப்பான உண்மை. குடல் தானத்துக்கு இளவயதுதான் விரும்பப்படுகிறது என்பது அதைவிடக் கசப்பு.

தமிழ்நாட்டில் குடல் மாற்று செய்யும் அனுபவமுள்ள மருத்துவமனைகள் சென்னையில் இருக்கின்றன. ரேலா, எம்.ஜி.எம். ஹெல்த்கேர், அப்போலோ போன்றவை. புத்தூரிலிருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர். எல்லா சிக்னலையும் பச்சையாக்கினாலும் ரோட்டில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு முன்னால், ரத்த ஓட்டத்தை நிறுத்திக் கிளாம்ப் போட்டதிலிருந்து உறுப்புகளை வெளியே எடுக்கும் நேரம். அதற்குப் பின்னால், அங்கே மேஜையில் வைத்துச் சுத்தம் செய்யும் நேரம். அதற்கும் பின்னால் ரத்தக்குழாய்களைத் தைக்கும் நேரம். கூட்டிப் பாருங்கள். ஆறு மணி நேரம் என்ற கோடு விழுப்புரம், திண்டிவனம் தாண்டும்போதே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

விமானம் என்றால் கணக்கு மாறுகிறது. புத்தூர் நாலு ரோட்டிலிருந்து டி.வி.எஸ். டோல்கேட் வழியாக ஏர்போர்ட், பிறகு சுமார் ஒரு மணி நேரப் பறத்தல். இறங்கினால் குரோம்பேட்டை பக்கத்திலேயே. முடியும். ஆனால் அந்த நேரத்துக்கு விமானம் இருக்க வேண்டும். விமானம் இல்லாத நடுராத்திரியில் ஒரு குடும்பம் அழுதுகொண்டே சம்மதக் கையெழுத்துப் போட்டால்?

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேதம் பெட்டிக்குள் ஆரம்பிப்பதில்லை. மூளைச்சாவு நேரும்போது உடலில் அட்ரினலின் வெள்ளம் போலப் பாயும், குடலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கக் கொடுக்கும் மருந்துகளிலும் சில அதையே செய்யும். ஐ.சி.யூ.வில் நாள் கூடக் கூட, குடல் பெட்டிக்குள் போகும் முன்பே களைத்திருக்கும். ஆக, நாம் டிவியில் பார்த்துக் கைதட்டும் ஆம்புலன்ஸ் ஓட்டம் மொத்தக் கதையில் ஒரு துண்டு மட்டுமே. அந்த ஓட்டுநர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் என் வணக்கம், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ரோட்டில் இருபது நிமிடம் மிச்சம் பிடிக்க இவ்வளவு பாடுபடும் நாம், பெட்டிக்குள் சேதத்தையே தள்ளிப்போட முடியுமா என்று யோசிப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தள்ளிப்போட முடியுமா?

முடியும் என்றுதான் தெரிகிறது. வழக்கமான முறையில் கரைசல் ரத்தக்குழாய் வழியாக மட்டும் போகிறது. குடலின் உள்பக்கத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். உள்பக்கத்துக்கும் ஒரு கரைசல் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். கனடாவின் எட்மண்டனில் தாமஸ் சர்ச்சில் குழு, குளூட்டமின் முதலான அமினோ அமிலங்கள் நிறைந்த கரைசலை உள்ளே விட்டுப் பார்த்தது. பட்டினி கிடக்கும் செல்லுக்கு உள்பக்கமிருந்து கஞ்சி ஊட்டுவது மாதிரி. கோதென்பர்க்கில் மிஹாய் ஓல்தியான் குழு வேறு வழியில் போனது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீளமான மூலக்கூறைக் கரைத்து உள்ளே நிரப்பினார்கள். அது உறிஞ்சப்படாது, தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும், நொதிகளை நீர்த்துப்போகச் செய்யும், சளிப்படலம் போல உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். எலி, பன்றி, பிறகு மனிதக் குடல் என்று பார்த்ததில், அந்தக் கொப்புளமும் உரிதலும் வருவது தள்ளிப்போயிற்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் குடலுக்கென்றே ஒரு பம்ப் பெட்டி செய்து, வெளியிலும் உள்ளேயும் குளிர்ந்த கரைசலை ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

இதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வயிற்றுக்குள் டியூப் விட்டுப் பார்க்கும் முன் குடலைக் கழுவ ஒரு பொடியைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்களே, மலச்சிக்கலுக்கும் எழுதிக் கொடுப்பார்களே, அந்தச் சரக்கேதான். ஜி.ஹெச். எதிரே இருக்கிற மருந்துக்கடையில் கிடைக்கும். அதற்காக நாளைக்கே வாங்கி ஊற்றிவிடலாம் என்று சொல்லவில்லை. எந்தத் திரவத்தை ஊற்றினாலும் நல்லது என்று இல்லை. சில கரைசல்கள் திசுவில் நீர்க்கோவையை அதிகமாக்கும், அளவு மாறினாலும் பலன் மாறும். அதனால்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

என் கோரிக்கை மூன்று

ஒன்று. தமிழ்நாட்டில் பொருத்தப்படும் ஒவ்வொரு குடலிலிருந்தும், பெட்டியை விட்டு எடுத்தவுடன் ஒரு துணுக்கும், ரத்தம் பாய்ந்த பிறகு ஒரு துணுக்கும் எடுத்து, தரம் போட்டு, எத்தனை மணி நேரம் ஐஸில் இருந்தது என்பதோடு சேர்த்து ஒரே இடத்தில் பதிய வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே ஒவ்வொன்றும் முக்கியம். ஃபார்மலினும் இரண்டு சாயமும் போதும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இதற்குத்தான். எந்த மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையும் செய்யக்கூடிய வேலை. நம் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் செய்யலாம்.

இரண்டு. உள்பக்கக் கரைசல் ஆராய்ச்சி இங்கேயே நடக்க வேண்டும். நம் நோயாளி வேறு, நம் சாப்பாடு வேறு, குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவும் வேறு. விலங்குகளில் பார்க்க, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரம். குடும்பம் சம்மதித்தும் மாற்றுக்குப் பயன்படாமல் போகும் குடலில் ஒரு முழம் நீளம் ஆய்வுக்குக் கிடைத்தால்கூட நிறையத் தெரிந்துகொள்ளலாம். பிஹெச்.டி.க்குத் தலைப்பு தேடும் அண்ணன்கள், அக்காக்கள் கவனிக்க :-)

மூன்று. குடும்பத்திடம் சம்மதம் கேட்கும்போது குடலையும் கேளுங்கள், பொருத்தமான நோயாளி பட்டியலில் இருந்தால். கிளாம்ப் போடும் நேரத்தை விமான நேரத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். இதயத்துக்காக இதைச் செய்கிறோம். இரண்டு மணி நேரம்தான் அதிகம் தாங்கும் குடலுக்கும் அதே மரியாதை வேண்டும்.

திருச்சியிலேயே குடல் மாற்று மையம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அபூர்வமான ஆபரேஷனைப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதைவிடச் சில இடங்களில் நிறையச் செய்வதுதான் நோயாளிக்கு நல்லது. மையம் சென்னையிலேயே இருக்கட்டும். புத்தூரில் எடுக்கும் குடல் அங்கே உயிரோடு போய்ச் சேரட்டும்.

"அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் தரையில் கிடக்கிறான், உனக்குக் குடல் மாற்று கேட்கிறதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் கேட்பது கோடி ரூபாய்க் கருவி என்றால் அவர் பக்கம் நின்றிருப்பேன். நான் கேட்பது ஒரு கண்ணாடிச் சில்லு, ஒரு பதிவேடு, மலிவான ஒரு பொடியைச் சரியான அளவில் கரைக்கும் ஆராய்ச்சி. ஏழை நாட்டுக்கு ஏற்ற ஆராய்ச்சி என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும். பணக்கார நாடுகளுக்கு வீட்டில் ஊட்டம் ஏற்றும் வசதி இருப்பதால், இதில் அவர்களுக்கு நம் அளவுக்கு அவசரம் இல்லை. அவசரம் நமக்குத்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சம்மதம் கொடுக்கும் அப்பா அம்மா, பிள்ளையின் உடலில் எதெல்லாம் பயன்படுமோ அதெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். எது பயன்படும் என்பதை முடிவு செய்வது அவர்கள் மனசு அல்ல, நம் திறமை. அவர்கள் தயாராக இருக்கிறார்கள். நாம் இன்னும் தயாராகவில்லை.

வீட்டில் உறுப்புதானம் பற்றிப் பேசும் தைரியம் உள்ளவர்கள் பேசுங்கள். கண், சிறுநீரகம், இதயம் என்று சொல்லும்போது குடலையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அதைக்கூடவா வைப்பாங்க?" என்று பாட்டி கேட்டால், மேலே எழுதியதில் பாதியையாவது சொல்லிப் பாருங்கள். மீன் கதையிலிருந்து ஆரம்பித்தால் எளிதாகப் புரியும்.

மருத்துவம் படிக்கும் நண்பர்கள் எங்கேயாவது தவறு இருந்தால் திருத்தவும். மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லவும். அடுத்து எழுத நினைத்திருப்பது உய்யக்கொண்டான் வாய்க்கால் பற்றி. பரீட்சை முடியட்டும்.